வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த வருடம் பண்டிகை அக்டோபர் கடைசியில் வந்தது. காலை 11.40 இருக்கும், கும்பகோணத்திலிருந்து சித்தி போன்.

“தம்பி, கடை தொறக்க மாட்டேங்குதுடா.”

“எந்தக் கடை சித்தி?”

“நம்ம கடைதான். கம்ப்யூட்டர்ல இருக்கற கடை. பெங்களூர்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, மூடிட்டீங்களான்னு கேக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.”

சித்தி பட்சணம் போடுகிறவர். அதிரசம், தேன்குழல், தட்டை, ரவா லட்டு. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்கிறார். வருடம் முழுக்கச் சுமாராக ஓடும் வியாபாரம், தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில்தான் நிமிரும். வெளியூர் ஆர்டர்கள் வருவது வெப்சைட் வழியாக. அன்றைக்குக் கூரியரில் போட்டால்தான் ஹைதராபாத், பெங்களூர்க்காரர்களுக்குப் பண்டிகைக்குள் போய்ச் சேரும்.

அந்த வெப்சைட்டை அமைத்துக் கொடுத்தது நான். ஹோஸ்டிங் யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுத்ததும் நான்தான். அப்போது சித்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எப்பவும் தொறந்திருக்குமாடா?” நான் கம்பெனியின் விளம்பரத்தைக் காட்டி, “99.9 சதவீதம் சித்தி. நூத்துக்கு நூறுன்னே வெச்சுக்குங்க” என்றேன். இருபது வருடமாக சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அந்த 99.9 என்பது என்ன என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் 8.76 மணி. அதாவது 8 மணி 45 நிமிடம் 36 விநாடி. இவ்வளவு நேரம் உங்கள் வெப்சைட் படுத்துக் கிடந்தாலும் ஹோஸ்டிங் கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை என்று அர்த்தம். மாதக் கணக்கில் பார்த்தால் 43 நிமிடம். 99 சதவீதம் என்று ஒருவர் சொன்னால், காதுக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் கடை மூடிக் கிடக்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம். 99.999 என்றால் ஐந்தே கால் நிமிடம். கடைசியில் சேரும் ஒவ்வொரு ஒன்பதுக்கும் பின்னால் இன்னொரு சர்வர், இன்னொரு ஜெனரேட்டர், இன்னொரு ஊரில் ஒரு நகல், இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். மாதம் 350 ரூபாய் வாடகையில் நாலு ஒன்பது, ஐந்து ஒன்பது எதிர்பார்ப்பது, ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டு வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொல்வது மாதிரி.

‘100 சதவீத உத்தரவாதம்’ என்றும் சில விளம்பரங்கள் வருகின்றன. சர்வர் விழவே விழாது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். விழுந்தால் வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்வோம் என்பதுதான் அந்த உத்தரவாதம். எவ்வளவு கழிப்பார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

சித்தியின் கதைக்கு வருகிறேன். கம்பெனியின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ‘திட்டமிட்ட பராமரிப்பு. அதிகாலை 2 முதல் 4 வரை’ என்று போட்டிருந்தது. அதிகாலை 2 மணி, அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரப்படி! அக்டோபரில் அது நமக்குக் காலை 11.30. அவர்கள் ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில் வேலையை வைத்துக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. அவர்கள் ஊர் அடங்கும் நேரத்தில்தான் நம் ஊரில் கடைத்தெரு களைகட்டுகிறது. சர்வர் அமெரிக்காவில் இருந்ததற்குக் காரணம், வாங்கிய சமயத்தில் அங்கே 80 ரூபாய் குறைவு. அந்தக் கெட்டிக்காரத்தனமும் என்னுடையதே.

முன்கூட்டியே தகவல் சொல்லவில்லையா என்று சண்டை போடக் கிளம்பினேன். சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் முன்பே இமெயில் போயிருக்கிறது. போன இடம், சித்தி மகன் காலேஜ் படித்தபோது திறந்த பழைய முகவரி. கணக்கு ஆரம்பித்த அன்று அவசரத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்ற மறந்துபோனோம். அந்தப் பெட்டியை அவன் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். சர்வரை ஏன் நிறுத்துகிறார்கள்? நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை 9 மணிக்கு கரன்ட்டை நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மரக்கிளையை வெட்டாமல், டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்காமல் விட்டால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று தெரியும். சர்வரிலும் அப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கிற திருத்தத்தைப் போட்டுவிட்டு மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் பெரும்பாலும் அது அமலுக்கு வரும். 2014 செப்டம்பரில் ‘ஸென்’ என்ற அடிப்படை மென்பொருளில் ஒரு குறை தெரிந்தபோது, அமேசானும் ராக்ஸ்பேஸும் ஏராளமான சர்வர்களைச் சில நாள் இடைவெளியில் அணைத்து எழுப்பின. 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்று பிராசஸர்களிலேயே குறை வெளிவந்தபோது உலகம் முழுக்க இதே வேலை நடந்தது. அணைக்க மாட்டேன் என்று அடம் பிடித்த சர்வர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற வீடு.

‘எங்க சர்வர் ஆயிரம் நாளா ஆஃப் ஆகவே இல்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆயிரம் நாளாக அது திருத்தமும் கண்டிருக்காது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்காக நிற்காமல் சுழன்ற ஹார்டு டிஸ்க், ஒருமுறை நின்றால் திரும்பக் கிளம்பாமல் போவது எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்த சமாசாரம்.

சித்தியின் சர்வரில் அதுதான் நடந்தது. நிறுத்தி எழுப்பியபோது இரண்டு டிஸ்க்குகள் எழவில்லை. மதியம் 1.30-க்குத் திறக்க வேண்டிய கடை மாலை 5 மணிக்குத்தான் திறந்தது. பராமரிப்பு 2 மணி நேரம், அதற்கு மேல் மூன்றரை மணி நேரம்.

சித்தியின் கடை இருந்தது ஷேர்டு ஹோஸ்டிங். ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள். ஒரே கிணறு, ஒரே மோட்டார். பக்கத்துப் போர்ஷன்காரர் குழாயைத் திறந்துவிட்டால் நமக்குத் தண்ணீர் சொட்டும், மோட்டார் கெட்டால் எல்லோருக்கும் கெட்டது. வி.பி.எஸ். என்பது அடுக்ககத்தில் தனி மீட்டர் வைத்த ஃபிளாட். அதிலும் கட்டடம் பொதுதான். டெடிகேடட் சர்வர் தனி வீடு. தனி வீட்டிலும் மோட்டார் கெடும், ஆனால் ரிப்பேர் எந்த நாளில் வைப்பது என்று நாம் சொல்லலாம்.

அப்படியானால் நிறுத்தாமல் பராமரிக்க வழியே இல்லையா? இருக்கிறது, நம் கோயில்களில் காலங்காலமாகச் செய்வதுதான். கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைச் சின்னதாக ஒரு தற்காலிக இடத்துக்கு எழுந்தருளப் பண்ணி, பூஜை அங்கே நடந்துகொண்டே இருக்க, கருவறையில் வேலை நடக்கும். பெரிய கிளவுட் கம்பெனிகள் செய்வதும் இதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்படியே பக்கத்து மெஷினுக்கு மாற்றிவிட்டு, பழையதைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு கணம் மூச்சு நிற்பதுகூடத் தெரியாது. அதற்கு இரண்டாவது மெஷின் ஒன்று எப்போதும் தயாராகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு.

அவ்வளவு காசு போட்டவர்களும் விழுகிறார்கள். 2017 பிப்ரவரி 28-ம் தேதி அமேசானின் எஸ்3 சேவை, பில்லிங் தொடர்பான ஒரு சின்னக் கோளாறைச் சரிசெய்யப் போய் விழுந்தது. சில சர்வர்களை நீக்குவதற்கான கட்டளையை ஒருவர் அடித்தார். அதில் ஒரு உள்ளீடு தப்பாகிப்போனது. நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுவிட்டன. அமெரிக்காவில் பாதி இணையம் நாலு மணி நேரம் தள்ளாடியது. இதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. எந்தச் சேவை நலம், எந்தச் சேவை நலமில்லை என்று காட்டும் அமேசானின் பலகையும் அதே எஸ்3-யை நம்பி இருந்ததால், அதை மாற்றி எழுத முடியவில்லை. எல்லாம் விழுந்து கிடக்க, பலகை மட்டும் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் கம்பெனியின் பச்சை விளக்கை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தனியாக நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் வெப்சைட்டைத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்றால் போனுக்குச் செய்தி அனுப்பும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. அன்றைக்கு அது இருந்திருந்தால் பெங்களூர் அம்மா சொல்லித்தான் சித்திக்குத் தெரிய வேண்டும் என்றிருக்காது.

2021 அக்டோபர் 4 இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போன நாள். காரணம், வழக்கமான பராமரிப்பு வேலையேதான். தங்கள் உள் நெட்வொர்க்கின் கொள்ளளவை அளப்பதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை, எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. அப்படித் தப்பான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதிலும் ஒரு பிழை. தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாமல், ஆட்கள் நேரில் போய்ப் பாதுகாப்புகளைக் கடந்து உள்ளே நுழையவே நேரம் பிடித்தது.

திறக்காமல் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று மாலை 5 மணிக்குக் கடை திறந்ததும் சித்தி மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது.

“காலைல வந்த ஆர்டரெல்லாம் காணோம்டா. பணம் மட்டும் வந்திருக்கு.”

கெட்டுப்போன டிஸ்க்குகளுக்குப் பதில் புது டிஸ்க் போட்டு, கடைசியாக எடுத்த பேக்கப்பிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். பேக்கப் எடுத்தது அவர்கள் ஊர் நள்ளிரவு 12-க்கு, நமக்குக் காலை 9.30. அதற்கும் 11.30-க்கும் நடுவில் வந்த 14 ஆர்டர்கள் அந்த நகலில் இல்லை. பேமென்ட் கம்பெனியின் கணக்கில் தொகையும் போன் நம்பரும் இருந்தன. யாருக்கு என்ன பட்சணம், எந்த விலாசம் என்பது எங்குமே இல்லை.

சித்தி அன்று ராத்திரி 9 மணி வரை உட்கார்ந்து 14 பேருக்கும் போன் செய்தார். ‘அம்மா, நீங்க 640 ரூபாய் கட்டியிருக்கீங்க, என்ன கேட்டிருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க’ என்று. பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பேசினார்கள். இரண்டு பேர் இது ஏதோ பண மோசடி என்று நினைத்து வைத்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அன்றைய கூரியர் போய்விட்டது. மறுநாள் அனுப்பியதில் நாலு பெட்டி தீபாவளி கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த நாலு பேருக்கும் சித்தி பணத்தைத் திருப்பிவிட்டார். நான் தருகிறேன் என்றேன். “உன்கிட்ட வாங்கவா கடை வெச்சேன்?” என்று அதட்டிவிட்டார்.

பேக்கப் விஷயத்தில் பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லேப் என்ற கம்பெனியில் இரவு நேரத்தில் ஒரு இன்ஜினீயர், தப்பான சர்வரில் நின்றுகொண்டு டேட்டாபேஸை அழித்துவிட்டார். 300 ஜி.பி. தகவல். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போய்ப் பார்த்தால், வைத்திருந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. தினசரி பேக்கப் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரித்த இமெயில்களும் யாருக்கும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. (சித்தி மகனின் பழைய முகவரி ஞாபகம் வருகிறதா?) வேறு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் மற்றவர்கள் எழுதியதெல்லாம் போனது போனதுதான். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். மறைக்காமல் அத்தனையையும் எழுதியும் வைத்தார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மீது மரியாதை.

அதைவிட மோசம், பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் 2021 மார்ச் 10-ம் தேதி ஓ.வி.ஹெச். கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுசாகப் போனது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் போனது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்து சாம்பலானது. வீட்டுச் சாவியின் டூப்ளிகேட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் ‘சர்வர் டவுன்’ என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். அல்லது பூட்டுச் சின்னம் காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிச் சரிசெய்தார்! டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில் இருந்தால், அவன் வேலை மாறுவதற்குள் மாற்றி வாங்குங்கள்.

கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. திட்டமிட்ட பராமரிப்பு 2 மணி நேரம் கணக்கில் சேராது. அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மீதி மூன்றரை மணி நேரம் தங்கள் தவறுதான். அந்த மாதம் 99.5-க்குச் சற்று மேல்தான் ஓடியிருக்கிறது, ஆகவே வாடகையில் 5 சதவீதம் கழிவு. 350 ரூபாயில் 5 சதவீதம் 17 ரூபாய் 50 பைசா. அதுவும் பணமாக இல்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்களாம். வருடக் கணக்கு வைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அந்த வருடத்தில் மற்ற 364 நாளும் சர்வர் ஒழுங்காகவே ஓடியது. அவர்கள் போட்ட விளம்பரம் பொய் இல்லை.

சித்தியிடம் இதைப் படித்துக் காட்டினேன். “பதினேழரை ரூபாய்க்கு ரெண்டு தட்டை வரும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தவை பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரை இந்தியாவிலிருக்கும் ஒரு டேட்டா சென்டருக்கு மாற்றினேன். இப்போது பராமரிப்பு வந்தால் நம் ராத்திரி 2 மணிக்கு வரும், அந்நேரம் அதிரசம் கேட்டு யாரும் வருவதில்லை. சித்தியின் கடைக்கு வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் போனால் போகட்டும், எந்த எட்டே முக்கால் என்பதுதான் விவகாரம். பண்டிகைக்கு இருபது நாள் முன்பு கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன்: இந்தத் தேதிகளுக்குள் ஏதாவது வேலை வைத்திருக்கிறீர்களா, இருந்தால் தள்ளிப்போட முடியுமா? ஒண்டுக்குடித்தனத்தில் எப்போதும் முடியாது, ஆனால் தேதியாவது தெரிந்துவிடும். ஆர்டர் வந்த அடுத்த கணம் அதன் முழு விவரமும் சித்தியின் வாட்ஸ்அப்புக்கும் போய்விடுகிறது. வாரம் ஒருமுறை பேக்கப்பை நானே என் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை அதை நிஜமாகவே திறந்து பார்க்கிறேன். பராமரிப்பு நேரத்தில் வெறும் பிழைச் செய்திக்குப் பதிலாக, ‘கடை சற்று நேரத்தில் திறக்கும், அவசரம் என்றால் இந்த நம்பரில் அழையுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும்படி செய்தாயிற்று. அந்தப் பக்கம் 503 என்ற குறியீட்டோடு போக வேண்டும். ‘தற்காலிகம், பிறகு வாருங்கள்’ என்று கூகுளுக்குப் புரியும், கடையே போய்விட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடாது.

போன வருடம் அந்தப் பக்கத்துக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது சித்தி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ‘அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது’ என்று.

பெங்களூர் அம்மா இந்த ஐப்பசிக்கும் முதல் ஆளாக ஆர்டர் போட்டுவிட்டார். வெப்சைட்டில் இல்லை, போனில்தான். கேட்டால், “எதுக்கு வம்பு?” என்கிறாராம்.